குலுக்கலில் வென்ற திருத்தம்

திருநின்றவூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

எழில் எழுதுகிறேன். அந்த மலையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வருகிறதாம், இறங்கும்போது போய்விடுகிறதாம். உங்கள் ராணுவ முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வதால் எனக்குத்தான் தண்டனை. பேனா பிடித்துப் பழக்கம் விட்டுப்போச்சு, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

எனக்குப் புதுத் தலைவர் கிடைத்துவிட்டார். சினிமாக்காரர் இல்லை. பெயர் குணசேகரன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போன வருஷம்தான் நம் ஏரிக்கரை நகரில் வீடு கட்டி வந்தார். நாங்கள் குணா சார் என்கிறோம். நாங்கள் என்றால் இப்போதைக்கு நான்.

சுதந்திர தினத்தன்று நம் நகர் நலச் சங்கக் கொட்டகையில் கொடி ஏற்றினார்கள். உனக்குத்தான் தெரியுமே, சங்கத் தலைவர் உத்தமன் மைக்கைப் பிடித்தால் மிட்டாய் உருகிவிடும். அவர் முடித்ததும் குணா சார் எழுந்து, "ஒரு ரெண்டு நிமிஷம்" என்றார். மைக் கேட்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அவர் சொன்னது இதுதான். நம் சங்கத்துத் தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தேர்தல் வந்தால் உத்தமன் வீட்டுக்கு வீடு எவர்சில்வர் குடம் கொடுக்கிறார், பிரியாணி போடுகிறார். அந்தச் செலவை எங்கே எடுக்கிறார்? தண்ணி லாரி அவருடையது. மனை விற்றால் சங்கத்துக் கையெழுத்து அவருடையது. அதனால் விதியை மாற்ற வேண்டும். தேர்தலில் நிற்கிறவர் சொந்தக் காசில் ஒரு டீ கூட வாங்கித் தரக் கூடாது. யார் நின்றாலும் சங்கமே ஒரே மாதிரி நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும், ஒரே மேடையில் பேச விடும். சங்கத்தில் மூன்று பேரைத் தேர்தல் குழுவாக வைக்க வேண்டும். குடம் வந்தது, பணம் வந்தது என்று புகார் வந்தால் அவர்கள் விசாரிப்பார்கள். தலைவரே ஆனாலும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உத்தமன் சிரித்துக்கொண்டே, "சார் டெல்லில பேச வேண்டியத்த திருநின்றவூர்ல பேசினு கீறாரு" என்றார். குணா சார் அதற்கு, "டெல்லிக்கு இங்கேருந்துதான் ட்ரெயின் ஏறணும்" என்றார். அண்ணா, எனக்குச் சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை வெட்டி ஒட்டி, அவர் எழுந்து வருகிற இடத்தை மெதுவாக்கி, கீழே பின்னணி இசை போட்டு ஏற்றிவிட்டேன். பக்கத்துக்குப் பெயர் 'குணா சார் படை'. நகரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

அம்மாவும் பார்த்தாள். போன தேர்தலில் உத்தமன் ஆட்கள் குடத்தை வைத்துவிட்டு, சூடம் கொளுத்தி அம்மாவைச் சத்தியம் பண்ணச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சூடத்த அணைச்சிட்டேன், மாத்திக் குத்த மனசு வர்ல" என்று அழுதாளே. வீடியோ முடிந்ததும், "இந்த மனுசன் சொல்றது நடக்குமாடி" என்று மட்டும் கேட்டாள்.

நடக்கும். ஆனால் விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போட வேண்டும். எனக்கு ஓட்டு இல்லை, வீடு அம்மா பெயரில். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, என்னிடம் நெட் இருக்கிறது.

போர்வையை இரண்டாகப் போர்த்திக்கொள். அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை,
எழில்

*

மலை முகாம்
9 செப்டம்பர் 2025

எழில் பாப்பாவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் பக்கத்துப் படுக்கை மதுரைக்காரனும் படித்தான். யார் எழுதியது என்றான். வருங்கால மந்திரி என்றேன்.

போன வருஷம் ஒரு கபடிக்காரனுக்கு ரசிகை. அதற்கு முன்னால் யூடியூபில் மீன் குழம்பு வைக்கிற ஆயா. இப்போது ரிட்டயர் ஆன சார். உன் பக்தி யாரிடம் எத்தனை நாள் தங்கும் என்று இங்கே பந்தயம் நடக்கிறது.

சார் சொல்வது நல்ல விஷயம்தான். நானும் அந்தச் சூடத்தை மறக்கவில்லை. ஆனால் உத்தமன் லாரி நம் சந்துக்கும் வர வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அம்மாவைக் குடம் தூக்க விடாதே.

இங்கே இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது. தபால் வண்டி பாதை திறந்தால்தான் வரும். தாமதமானால் பயப்பட வேண்டாம்.

தேவா

*

திருநின்றவூர்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் மதுரைக்காரரும் நலமா? அவரிடம் சொல், இந்த பக்தி நிரந்தரம்.

முதல் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இல்லை, நடக்கவில்லை. பாதிப் பேருக்கு ஞாயிறும் வேலை. வந்தவர்களில் பாதி, உத்தமன் ஆட்களோடு எதிர் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே வந்தால்தானே கணக்கு. குணா சார் ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு நாற்காலிகளை அவரே மடக்கி அடுக்கினார். டீக்கடையிலிருந்து ஒருத்தன், "சாரு, அப்டியே எங்களுக்கும் ரெண்டு சேர் போடு" என்று கத்தினான். அண்ணா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே யோசனையும் வந்தது. கேள். ஆவடியில் மிக்சி, ஃபேன் எல்லாம் விற்கிற ஒரு கடை இருக்கிறது. அவர்களுக்கு நான் ஏற்கெனவே ரெண்டு ரீல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கூட்டத்தில் ஒரு கிவ்அவே நடத்தலாமா, மிக்சி நீங்கள் கொடுங்கள், கடைப் பெயரை நான் காட்டுகிறேன் என்றேன். உடனே சரி என்றார்கள். கூட்டத்துக்கு வந்து ஓட்டுப் போடுகிற எல்லாருக்கும் ஒரு டோக்கன், முடிவில் குலுக்கல். எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கும் டோக்கன் உண்டு. யாரையும் இப்படிக் குத்து என்று சொல்லப் போவதில்லை. நான் பார்க்கிற எல்லாப் பக்கத்திலும் தினம் நடக்கிறது இது.

குணா சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கூட்டம் வந்தா சரிம்மா. ஆனா இதுல என் பேரு வெளிய வர வேணாம்" என்றார். பெருமையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கிற குணம் எத்தனை பேருக்கு வரும்? பெட்டி பெரிது, நான் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவது என்றதற்கு, "நானே என் ஸ்கூட்டர்ல போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டம் அக்டோபர் 26. போஸ்டரை நேற்றே ஏற்றிவிட்டேன். கமெண்டில் ஒருத்தர் மூணு ஜாரா, நாலு ஜாரா என்று கேட்டிருக்கிறார். கூட்டம் வரும்.

தண்ணி வருகிறது. நீ கவலைப்படாதே.

எழில்

*

மலை முகாம்
15 அக்டோபர் 2025

பாப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை, வண்டி கிளம்புகிறது. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது.

அந்த மிக்சியை நிறுத்து. உனக்கு அது கிவ்அவே. நம் நகரில் அதற்கு வேறு பெயர். பரிசு கொடுத்து ஓட்டு வாங்கக் கூடாது என்று சொல்லப் போகிற கூட்டத்துக்குப் பரிசு கொடுத்து ஆள் கூப்பிடுகிறாய். உத்தமன் சும்மா இருக்க மாட்டார். ஆள் வராவிட்டால் இன்னொரு முறை கூட்டுங்கள்.

அம்மாவிடம் காட்டு.

தேவா

*

திருநின்றவூர்
27 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

ஜெயித்துவிட்டோம்.

நீ நலம்தானே? நான் நலத்துக்கும் மேலே. கொட்டகைக்குள் இடமில்லாமல் வெளியே மழைத் தூறலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடை காலி. உத்தமனும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார், சிரித்துக்கொண்டே இருந்தார், மேடையில் இருந்த மிக்சியைப் போனில் படம் எடுத்தார். அவருக்கும் மிக்சி வேண்டும் போல.

ஓட்டு எண்ணி முடித்து, திருத்தம் நிறைவேறியது என்று குணா சார் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. நான் அதை வெட்டவே இல்லை, அப்படியே ஏற்றினேன்.

இன்னொரு சேதி. தேர்தல் குழுவுக்கு மூன்று பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். தேர்தலில் நிற்க மாட்டேன் என்று கை தூக்கியவர்கள் பெயரை எல்லாம் எழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். டயர் கடை சுலைமான் பாய், வித்யா டீச்சர், மூன்றாவது யார் தெரியுமா? நம் அம்மா. வேம்புலியம்மாள் என்று படித்ததும் அம்மா எழுந்து, "நானா? வேற யாராவது வேம்புலி கீறாங்களா பாருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதைப் படம் எடுக்க மறந்துவிட்டேன், முதல் முறையாக.

மிக்சி பொன்னியம்மா அக்காவுக்கு விழுந்தது. மேடையிலேயே பெட்டியைப் பிரித்து ஜாரை எண்ணினாள்.

கடைசியாக ஒன்று. நீ பதினைந்தாம் தேதி எழுதியது இன்று காலையில்தான் வந்தது. படித்தேன். அண்ணா, நீ அங்கே இருக்கிறாய், இங்கே நடப்பது உனக்குப் புரியாது. எதிர்த்தவருக்கும் டோக்கன் உண்டு என்று எழுதியிருந்தேனே. அம்மாவிடம் காட்டச் சொன்னாய். அம்மா இப்போது குழுவில் இருக்கிறாள், எதற்கு வீணாக.

எழில்

*

திருநின்றவூர்
16 நவம்பர் 2025

என் மகன் தேவாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

நீ நல்லா இருக்கணும்னு தினம் கும்பிடுறேன். நான் இருக்கேன். எழிலுக்குத் தெரியாம கம்பெனில சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். தப்பு இருந்தா பொறுத்துக்க.

திருத்தம் ஆன மறு வாரமே உத்தமன் எங்க குழுவாண்ட புகார் குடுத்துட்டாரு. புது விதிப்படி மொதல் புகார். பரிசு காட்டி கூட்டுன கூட்டத்துல போட்ட ஓட்டு செல்லாதுன்னு. மிக்சி போட்டோவும் குடுத்தாரு. நானும் சுலைமான் பாயும் டீச்சரும் கொட்டாயில உக்காந்து விசாரிச்சோம். என் பொண்ணு இதுல கீறா, நான் எழுந்துக்கிறேன்னு சொன்னேன். உத்தமனே, "நீ இரும்மா, உன்ன நான் நம்புறேன்"னாரு. அத்த எந்த மனசோட சொன்னாரோ.

குணா சாரக் கூப்ட்டு கேட்டோம். "அந்தப் பொண்ணு ஆர்வத்துல பண்ணிடுச்சு. எனக்கு அன்னைக்குக் காலைல மேடையில பாத்தப்பதான் தெரியும்"னு சொன்னாரு. எழிலக் கேட்டோம். எல்லாம் என் யோசனை, வேற யாருக்கும் தெரியாதுன்னா. தலையக் குனிஞ்சிக்கினே சொன்னா. நான் பெத்தவ, எனக்கு ஏதோ இடிச்சது. ஆனா கையில ஒண்ணும் இல்லாம எப்டி கேப்பேன்.

மூணு பேரும் ஒரே மாதிரி எழுதினோம். ஓட்டு செல்லாது. மறுபடி கூட்டம் போடணும். அதுல எழில் எந்த வேலையும் செய்யக் கூடாது. நானும் கையெழுத்து போட்டேன்.

அப்றம் அவ என்னாண்ட பேசறதில்ல. சாப்புடுறா, தூங்குறா. ஜனங்க வேற அவளப் பேசறாங்க. "குடம் குடுத்தா தப்பு, மிக்சி குடுத்தா புரட்சியா"ன்னு கேட்டு சிரிக்கிறாங்க.

தண்ணி லாரி நம்ம சந்துக்கு ஆவணி மாசத்துலேர்ந்தே வர்றதில்ல. சந்து குறுகலாம். போன வருசம் குறுகலா இல்லியா. ஸ்டேஷன் பக்கத்துலேர்ந்து கொண்டாறேன். அவ எழுதியிருக்க மாட்டா. நீயும் அவளக் கேக்காத.

உடம்பப் பாத்துக்க ராசா.

அம்மா

*

திருநின்றவூர்
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நீ நலமா? இங்கே நலம்.

திருத்தம் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. எழுதியது அம்மாவும் சேர்ந்த குழு. நீ சொன்னது சரி என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான்தான் யோசித்தேன், நான்தான் கடையில் பேசினேன், நான்தான் போஸ்டர் போட்டேன். மறு கூட்டம் ஜனவரி 25. அதில் நான் எதையும் தொடக் கூடாது.

பக்கத்தில் வருகிற கமெண்ட் எல்லாம் மிக்சிப் படம்தான். நேற்று பால் வாங்கப் போனேன். ஒரு பையன் ஜார் ஓடுகிற மாதிரி வாயால் சத்தம் போட்டான். நன்றாகவே போட்டான், அது வேறு.

அம்மாவுக்குத் தன் பெண் என்று ஒரு சொல் கூட இல்லை. வேறு யாரையோ விசாரிக்கிற மாதிரி, "உம் பேரு இன்னா" என்று கேட்டு எழுதினாள். எழிலா என்று தெரியாதா அவளுக்கு?

குணா சார் நன்றாக இருக்கிறார். மறு கூட்டத்துக்கு வீடு வீடாகப் போகிறார்.

குளிருக்கு என்ன செய்கிறாய்?

எழில்

*

மலை முகாம்
12 டிசம்பர் 2025

பாப்பா,

நான் நலம். இங்கே பனி முட்டிவரை. நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ செய்தது தப்பு. அதை நீயே சொல்லிவிட்டாய், அதோடு முடிந்தது. உன்னை யாரும் திட்ட வேண்டியதில்லை.

ஆனால் உன் கடிதத்தில் எல்லாமே நான்தான், நான்தான் என்று இருக்கிறது. செப்டம்பரில் நீ எனக்கு வேறு மாதிரி எழுதியிருந்தாய். சாரிடம் முன்னாலேயே சொன்னதாக, அவர் கண்ணாடியைத் துடைத்ததாக, பெட்டியை அவரே ஸ்கூட்டரில் கொண்டுவருவதாக. விசாரணையில் அவருக்குத் தெரியாது என்று முடித்திருக்கிறார்கள்.

குழுவிடம் இதைச் சொன்னாயா?

அம்மாவுக்கு நான் எழுதப் போவதில்லை. அது என் வாயால் வரக் கூடாது.

தேவா

*

திருநின்றவூர்
30 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். புத்தாண்டு வாழ்த்து.

இந்த வருஷம் மழையில் ஏரி நிரம்பிவிட்டது. சாயங்காலம் கரையெல்லாம் ஜனம். பஜ்ஜி வண்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, மிளகாய் பஜ்ஜி நன்றாக இருக்கிறது. அம்மா கம்பெனியில் புது மேனேஜர் வந்திருக்கிறாராம், இந்திக்காரர், வணக்கம் மட்டும் தமிழில் சொல்கிறாராம். பக்கத்து வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. நான் ஆன்லைனில் புதிதாக ஒரு எடிட்டிங் முறை கற்றுக்கொண்டு வருகிறேன். உனக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறோம், நிறம் பிடிக்காவிட்டாலும் போட்டுக்கொள்.

ஜனவரிக் கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் வருகிறதாம். மகள் விவகாரத்தில் மாட்டியதால் அம்மா குழுவில் இருக்கக் கூடாது என்கிறார்கள். அம்மா இடத்தில் குணா சாரைக் குழுத் தலைவராகவே போட வேண்டுமாம். அவர் தேர்தலில் நிற்கவில்லை, அதனால் தடையில்லை. நகரில் பலருக்கு அதில் சந்தோஷம்.

குணா சாரும் சரி என்று சொல்லிவிட்டார்.

எழில்

*

மலை முகாம்
14 ஜனவரி 2026

பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொங்கல் வாழ்த்து.

நான் நலம். ஸ்வெட்டர் வந்தது. நிறம் கண்ணைக் குத்துகிறது, தினமும் போட்டுக்கொள்கிறேன். இங்கே சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். மதுரைக்காரன் உப்பைப் போட்டுவிட்டு, எங்கள் ஊரில் இப்படித்தான் என்கிறான்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறுபடி கேட்கப் போவதில்லை. நாய்க்குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று எழுது.

தேவா

*

திருநின்றவூர்
1 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் நலத்தை இந்த முறை கடைசியில் எழுதுகிறேன்.

25-ஆம் தேதிக் கூட்டத்துக்கு நல்ல கூட்டம். மிக்சி இல்லை, டீ இல்லை, என் போஸ்டர் இல்லை. ஊர் சிரித்ததில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, வேடிக்கை பார்க்கவாவது வந்துவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

முதலில் அம்மாவை மாற்றுகிற தீர்மானத்தை எடுத்தார்கள். ஒருவர் எழுந்து, "வேம்புலியம்மா மேல தப்பு சொல்லல. ஆனா ஊட்டுலயே பொண்ணு பண்ணத அந்தம்மாவுக்குத் தெரியாதா? தெரிஞ்சே உக்காந்துருப்பாங்க" என்றார். அம்மா குழு நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். குணா சார் பக்கத்து வரிசையில் இருந்தார். ஒரு வார்த்தை, "அந்தம்மாவுக்குத் தெரியாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அண்ணா, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு, என் பேர் வேண்டாம் என்று சொன்னது பெருந்தன்மை இல்லை.

நான் உள்ளே போனேன். சுலைமான் பாய், "ஓட்டு கீறவங்கதான் பேசணும்மா, நீ வெளில நில்லு" என்றார். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டது அப்போதுதான். "எனக்கு ஓட்டு கீது பாய். நான் பேச வேண்டியத்த அவ பேசட்டும்" என்றாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

"சார், அந்த மிக்சிப் பெட்டி ஆவடியிலேருந்து யாரு வண்டில வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். மறுத்திருக்கலாம், அங்கே என்னை யார் நம்பியிருப்பார்கள்.

"என் வண்டியிலதான்மா" என்றார். "ஒரு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. கேட்டப்பவும் சொல்லல."

உத்தமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டுகினீங்களா? இவருதான் நம்ம எல்லாத்தையும் மேற்பார்வை பாக்க வந்தவரு. ஏந்துருங்கப்பா, ஊட்டுக்குப் போய் கறி துன்னலாம்." அவர் ஆட்கள் எழுந்தார்கள். அவர்களோடு, எங்களுக்காக வந்தவர்களும் எழுந்தார்கள். அதுதான் வலிக்கிறது. பொன்னியம்மா அக்கா போகும்போது என்னிடம், "நீ வாய மூட்னு இருந்திருந்தா இன்னைக்கி முடிஞ்சிருக்கும்டி" என்றாள். குழு எண்ணிப் பார்த்தது. ஆள் போதவில்லை. அம்மா குழுவிலேயே இருக்கிறாள், ஆனால் குழுவைத் தந்த விதிதான் இன்னும் விதி ஆகவில்லை.

திருத்தத்தை நான் இரண்டு முறை கெடுத்திருக்கிறேன் அண்ணா. முதல் முறை தப்பு செய்து. இரண்டாவது முறை என்ன செய்து என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ கேட்டபோதே குழுவிடம் சொல்லியிருந்தால் கூட்டத்தில் உடைந்திருக்காது. ஆனால் அப்போது அவர் எனக்கு குணா சார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா, "முன்னாடியே ஏண்டி சொல்லல" என்றாள். கொஞ்ச தூரம் போய், "நானும் உன்ன உம் பேரு இன்னான்னு கேட்டேன்ல" என்றாள். அதோடு பேச ஆரம்பித்துவிட்டோம்.

நேற்று குணா சார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பக்கத்த அழிச்சிட்டியாம்மா?"

"இல்ல சார். நீங்க பேசினது எல்லாம் சரிதான். அத எதுக்கு அழிக்கணும்."

"தேர்தலுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. இன்னொரு தடவ கூட்டம் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். குழுல எனக்கு எந்தப் பதவியும் வேணாம். நீ வருவியா?"

"வருவேன் சார். ரசிகையா வர மாட்டேன்."

அவர் தலையாட்டினார். அவர் முகத்தை அப்போது பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மேல் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் அவருக்கு வயசாகிவிட்ட மாதிரி இருந்தது.

"எந்தத் தெருவுலேருந்து ஆரம்பிக்கிறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க சந்துலேந்து ஆரம்பிங்க. இதான் மொத ஊடு. கேளுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி வந்து, கையைக் கூப்பி, முன்பின் தெரியாத வீட்டில் கேட்பது போலக் கேட்டார்: "அம்மா, சங்கத் தேர்தல் விதிய மாத்தறதுக்குக் கூட்டம் போடறோம். நீங்க வரணும்."

"ஞாயித்துக்கெழம ஷிப்ட் இல்லாம இருந்தா வரேன்" என்றாள் அம்மா. "எதுல குத்துவேன்னு இப்பவே கேக்காதீங்க. அங்க வந்து யோசிச்சுக்கிறேன்."

அவர் போய்விட்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார்.

எங்கள் நலம்: தண்ணி லாரி நம் சந்துக்கு ஆறு மாதமாக வரவில்லை. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து தண்ணீர் நான்தான் இப்போது கொண்டுவருகிறேன். அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் காட்டினோம். மற்றபடி இருக்கிறோம்.

உன் தங்கை,
எழில்